துருவேறிய போல்ட்டுக்கு எந்த எண்ணெய்? ஒரு பாம்பன் பட்டறைக்காரனின் கணக்கு

துருவுக்கு எண்ணெய் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தரும் டப்பாக்களில் பெரும்பாலும் இரண்டு வாக்குறுதிகள் சேர்ந்தே அச்சாகியிருக்கும். இறுகிய நட்டைக் கழற்றும், இனிமேல் துருப்பிடிக்காமல் காக்கும். படகு இன்ஜின் வேலையிலேயே காலம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இரண்டு வேலையையும் ஒரே எண்ணெய் நன்றாகச் செய்து நான் பார்த்ததில்லை. மரைக்குள் நுழைய வேண்டுமானால் எண்ணெய் நீர்த்து ஓட வேண்டும். நீர்த்து ஓடுவது உள்ளே போன வழியிலேயே வெளியேயும் வரும், பாதி காற்றோடு போய்விடும். காக்க வேண்டுமானால் பூசிய இடத்தில் கனமாக ஒட்டிக்கிடக்க வேண்டும். ஆகவே கழற்ற ஒன்று, பூட்டும்போது பூச வேறொன்று என்று இரண்டாக வாங்குங்கள். எதை வாங்குவது என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

எங்கள் ஊர் துரு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இருபக்கமும் கடல், வருஷம் முழுக்கக் காற்று. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி என்று எல்லோரும் சொல்வது, உலோக அரிப்பைச் சோதிக்கப் பக்கத்து மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத கம்பி போட்டு, இரும்புக்குப் பாலிசிலாக்சேன் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால், படகின் அடியில் உப்புத் தண்ணீரில் ஊறுகிற இன்ஜின் பெட் போல்ட் என்ன ஆகும்? கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டர் சைலன்சர் கழற்றுகிறவருக்கு நான் சொல்வதில் பாதி போதும். கடற்கரையில் இருப்பவர்களுக்கு முழுவதும் வேண்டும்.

நட்டு ஏன் இறுகுகிறது? இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும், சில வகைத் துரு அதைவிடவும் அதிகம். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ மயிரிழை. அதற்குள் துரு உப்பினால் போக இடமில்லாமல் ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிப் பிடிக்கும். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பெனட்ரேட்டிங் ஆயிலும், அதாவது மரைக்குள் ஊடுருவுகிற எண்ணெயும், துருவைக் கரைப்பதில்லை. துருவைக் கரைப்பது அமிலத்தின் வேலை. எண்ணெய் செய்வதெல்லாம் துருத் தூளின் நுண்ணிய விரிசல்கள் வழியாக ஊர்ந்து உள்ளே போய், துகள்களுக்கு நடுவே வழுவழுப்பை உண்டாக்குவதுதான். அது ஊர்வதற்குக் காரணம் பரப்பு இழுவிசை குறைவாக இருப்பது. தண்ணீரோடு ஒப்பிட்டால் இந்த எண்ணெய்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கும் இடத்தில் எண்ணெய் பரவி இறங்குகிறது.

இனி டப்பாக்கள்.

எல்லோர் வீட்டிலும் இருப்பது டபிள்யூடி-40. நீலமும் மஞ்சளுமான டப்பா, சிவப்பு மூடி. இதைப் பற்றி இரண்டு வகைத் தவறான பேச்சு உண்டு. எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து என்பார்கள் ஒரு பக்கம், வெறும் மண்ணெண்ணெய் என்பார்கள் மறுபக்கம். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனம் இதைச் செய்தது. நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை. முதலில் பயன்பட்டது அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டை ஈரத்திலிருந்து காக்க. அதாவது இரும்பின் மேல் நிற்கும் தண்ணீரைத் தள்ளிவிட்டு மெல்லிய படலம் விடுவதுதான் இதன் பிறவி வேலை. அந்த வேலையில் இதை நான் மனதாரப் பாராட்டுவேன். மழையில் நனைந்த ஸ்பேனர், உப்புத் தண்ணீர் தெறித்த ஸ்டார்ட்டர் மோட்டார் மேல்பகுதி, சிக்கிக்கொண்ட பூட்டு, தொடக்க நிலைத் துரு இவற்றுக்கெல்லாம் இது சரி. பல வருடம் கடலில் கிடந்த போல்ட்டுக்கு இதையே நம்பி உட்கார வேண்டாம். அந்த நிறுவனமே ஸ்பெஷலிஸ்ட் என்ற வரிசையில் இறுகிய போல்ட்டுக்கென்று தனியாக ஒரு பெனட்ரன்ட் விற்கிறது. சாதாரண டப்பா போதுமென்றால் அதை எதற்கு விற்க வேண்டும்? இன்னொன்று: இதில் மீன் எண்ணெய் இருக்கிறது, தூண்டில் இரையில் அடித்தால் மீன் ஓடி வரும் என்று கரையில் சொல்வார்கள். அதில் மீன் எண்ணெய் இல்லை என்று நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இரையில் அடித்துக் கடலில் போடாதீர்கள்.

சிஆர்சி 5-56, ஆப்ரோ ஏபி-80 இரண்டும் ஏறக்குறைய இதே இனம். பல வேலைக்கும் பயன்படுகிற ஸ்ப்ரே. கடையில் எது புதுச்சரக்காக இருக்கிறதோ அதை வாங்கலாம், வித்தியாசம் பார்த்து அலைய வேண்டியதில்லை.

கழற்றும் வேலைக்கென்று என் கை முதலில் போவது ஜெர்மன் கம்பெனியான வூர்த் விற்கும் ராஸ்ட் ஆஃப். தெறித்த இடத்திலிருந்து மரையோரமாக அது இறங்குவது கண்ணுக்கே தெரியும். நட்டின் இந்தப் பக்கம் அடித்து, கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் துருநிறத்தில் கசிவு வந்தால் வேலை பாதி முடிந்தது என்று அர்த்தம். கசிவு வரவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடவே மாட்டேன். குறை சொல்ல வேண்டுமானால் சின்ன ஊர் ஹார்டுவேர் கடைகளில் லேசில் கிடைக்காது. நேரடியாகப் பட்டறைகளுக்கு விற்கும் கம்பெனி அது. இப்போது இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

உறையவைத்துக் கழற்றும் வகை ஒன்று உண்டு. லாக்டைட் 8040, வூர்த்தின் ராஸ்ட் ஆஃப் ஐஸ். லாக்டைட் டப்பா போல்ட்டை மைனஸ் 43 டிகிரி வரை குளிர்விக்கும் என்று அதன் குறிப்பு சொல்கிறது. போல்ட் திடீரென்று சுருங்கும், துருப் படலத்தில் நுண்விரிசல் விழும், அந்த விரிசல் வழியே எண்ணெய் இறங்கும். விலை அதிகம், டப்பா சீக்கிரம் காலியாகும். ஆனாலும் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைக்கத்தான் வேண்டும் என்பேன். காரணம், இரும்புப் பட்டறையில் கேஸ் விளக்கைக் கொளுத்தி நட்டைச் சூடாக்குவோம். ஃபைபர் படகுக்குள் அதைச் செய்ய முடியாது. சுற்றிலும் எரியக்கூடிய ரெசின், அடியில் டீசல் கலந்த தண்ணீர். அங்கே தீயில்லாமல் செய்ய வழி இந்தக் குளிர்தான். போல்ட்டின் தலைமேல் மட்டும் அடியுங்கள், நட்டின் மேல் வேண்டாம். உள்ளே இருப்பது சுருங்க வேண்டும், வெளியே இருப்பது சுருங்கக் கூடாது. கையில் படாமல் பாருங்கள், தோல் புண்ணாகிவிடும்.

இனி டப்பா இல்லாத எண்ணெய்கள். எங்கள் கரையில் பலரும் டீசலைத்தான் ஊற்றுகிறார்கள், அதை நான் குறைசொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைக்கிறது, படகில் எப்போதும் இருக்கிறது, மெதுவாக என்றாலும் இறங்குகிறது. ராத்திரி முழுக்க ஊறவைக்க நேரமிருந்தால் டீசல் நல்ல எண்ணெய். அதோடு பவர் ஸ்டீரிங், ஆட்டோமேட்டிக் கியர்களில் ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. டீசல் உள்ளே கொண்டுபோகும், ஏடிஎஃப் உள்ளே நின்று வழுக்கும். என் பட்டறையில் எண்ணெய்க் குப்பியில் நிரந்தரமாக இருப்பது இந்தக் கலவைதான்.

அசிட்டோனும் ஏடிஎஃப்பும் கலப்பது அமெரிக்காவிலிருந்து வந்த முறை. 2007இல் அங்கே மெஷினிஸ்ட்களுக்கான பத்திரிகை ஒன்று கடை எண்ணெய்களோடு இதையும் வைத்துச் சோதித்தது, எல்லாவற்றையும்விட இந்த வீட்டுக் கலவைதான் முந்தியது. அன்றிலிருந்து அந்தப் பட்டியல் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் அது சில போல்ட்டுகளை ஒரே வகையாகத் துருவேற்றிச் செய்த சோதனை. வருஷக்கணக்கில் கடலில் ஊறிய இரும்புக்கு அதை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஃபைபர் படகு கட்டும் இடங்களில் ரெசின் துடைக்க அசிட்டோன் எப்போதும் இருக்கும், அதனால் எங்கள் பக்கம் இது எளிதில் கிடைக்கிறது. நன்றாகவே இறங்குகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் வழக்கமாக்கிக்கொள்ளாததற்குக் காரணங்கள் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் நொடியில் ஆவியாகும், அந்த ஆவி தீப்பொறி ஒன்றுக்குக் காத்திருக்கும். பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். திறந்தவெளியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தேவையான சொட்டு மட்டும் என்றால் சரி. மூடிய இன்ஜின் அறைக்குள் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்தேன் என்று வருகிறவர்கள் உண்டு. “ரெண்டு நாளா ஊத்துறேன்ணே, அசையவே மாட்டேங்குது” என்பார்கள். அசையாது, தம்பி. அது கனமான எண்ணெய், மேலேயே நின்றுவிடும். சமையல் எண்ணெய் எதுவும் இதற்கு ஆகாது. நல்லெண்ணெய் மாதிரியானவை நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகி இன்னும் இறுக்கும்.

பெயர் தெரியாத டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தையில் பெரிய கம்பெனி டப்பாவின் நிறத்தையே காப்பியடித்து வருபவை உண்டு. அடித்துப் பார்த்தால் மண்ணெண்ணெய் வாடை, வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டால் காய்ந்தபின் எண்ணெய்க்கறை ஏறக்குறைய இருக்காது. அதற்குப் பதில் டீசலே மேல்.

எண்ணெயைவிட அதை வைக்கும் விதம் முக்கியம். இதை டப்பா விற்பவர்கள் சொல்வதில்லை. முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்து, பெயின்டையும் உப்புப் பொருக்கையும் எடுங்கள். பொருக்கின் மேல் அடிக்கும் எண்ணெய் பொருக்கோடு நின்றுவிடும். பிறகு எண்ணெய், பிறகு சுத்தியல். சின்ன சுத்தியலால் நட்டின் பக்கங்களிலும் போல்ட்டின் தலைமேலும் பலமில்லாமல், ஆனால் நிறைய முறை தட்ட வேண்டும். அந்த அதிர்வில் துரு உடையும், உடைந்த இடத்தில் எண்ணெய் இறங்கும். மறுபடி எண்ணெய், மறுபடி தட்டு. பக்கவாட்டில் இருக்கும் ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்) எண்ணெய் நிற்காமல் வழிந்தால் துணியை நனைத்துச் சுற்றிக் கட்டுங்கள். மேல்நோக்கி நிற்கும் ஸ்டட் என்றால் களிமண்ணால் சுற்றி ஒரு குட்டி அணை கட்டி உள்ளே எண்ணெயைத் தேக்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, லேலண்டு இன்ஜின்கள் பிரிபடும் காலம் அதுதான். படகுக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. படகு கரையேறிய அன்றே எந்தெந்த போல்ட் கழற்ற வேண்டும் என்று பார்த்து, சாயங்காலம் தோறும் எண்ணெய் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மெக்கானிக் வரட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட் ஒன்று உள்ளேயே முறிந்தால் அதைத் துளைத்து எடுக்கும் கூலியில் நல்ல எண்ணெய் எத்தனையோ டப்பா வாங்கலாம்.

கழற்றும்போது ஆறு பட்டை சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு பட்டை, துருவில் தேய்ந்த தலையை மழுக்கிவிடும். முதல் அசைவு கழற்றும் பக்கம் வேண்டாம், மயிரளவு இறுக்கிப் பாருங்கள். ‘டிக்’ என்று சத்தம் வந்தால் பிடி விட்டது. பிறகு கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. ஒரேயடியாகத் திருகினால் துருத் தூள் மரையில் சேர்ந்து பாதி வழியில் கடித்துக்கொள்ளும்.

தீ வைக்கக்கூடிய இடமாக இருந்தால் நட்டை மட்டும் சூடாக்குங்கள். பன்னிரண்டு மில்லி நட்டு முந்நூறு டிகிரி ஏறினால் துளை ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் விரியும். கேட்கச் சின்னது, துருவை உடைக்க அது தாராளம். ஆனால் ஸ்ப்ரே அடித்த இடத்தில் உடனே தீ காட்டக் கூடாது. இவை எல்லாமே எரியும். முதலில் சூடு, ஆறிய பிறகு எண்ணெய். பிரேக் கிளீனர் தெறித்த இடத்தில் தீயே வேண்டாம், குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் நச்சுவாயுவாக மாறும்.

எந்த எண்ணெயும் உதவாத இடங்களும் உண்டு. ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் சிக்கினால் அது துருவே இல்லை. வேகமாக முறுக்கியதில் மரையின் உச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். வெட்டி எறிய வேண்டியதுதான். அவுட்போர்டு மோட்டாரில் அலுமினிய உடலுக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் இறுகியிருந்தால் அங்கே இருப்பது வெள்ளைப் பொடி, அலுமினிய ஆக்சைடு. எண்ணெய் அதில் மிக மெதுவாகத்தான் போகும். அதற்கு ஹாட் ஏர் கன் நல்லது. ஸ்டெயின்லெஸ்ஸைவிட அலுமினியம் அதிகம் விரியும், அந்த வித்தியாசம் உதவும். நட்டு தானாகக் கழலாமல் இருக்கப் போடும் பசையான சிவப்பு லாக்டைட் மரையில் ஒட்டியிருந்தாலும் சூடுதான் வழி. ரப்பர் இருக்கும் இடத்தில் எதையும் தெறிக்கவிடாதீர்கள். கப்ளிங் ரப்பர், ஹோஸ், சில வகை சீல்கள் இந்தக் கரைப்பான்களில் ஊதிப்போகும்.

கழற்றிய போல்ட்டைப் புளித்தண்ணீரிலோ வினிகரிலோ ஊறப்போட்டால் துரு போகும். சாதாரண போல்ட்டுக்கு அது நல்ல வழி. தலையில் 12.9 என்று பலத்தின் தரம் பொறித்திருந்தால் போடாதீர்கள், 10.9க்கும் நான் போடுவதில்லை. கடினமான எஃகுக்குள் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் ஏறும், பிறகு பாரம் வரும்போது சொல்லாமல் முறியும். புதிது வாங்கிப் போடுங்கள்.

காக்கும் பக்கம் வருகிறேன். என் காசு முழுக்க இதில்தான் போகிறது, உங்கள் காசும் இதில் போக வேண்டும் என்பது என் விருப்பம். சுத்தம் செய்த மரையில், இறுகிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் ஒரு பூச்சுப் பூசிப் பூட்டுங்கள். இரும்போடு இரும்புக்குச் செம்பு கலந்தது போதும், எக்ஸாஸ்ட் சூட்டையும் தாங்கும். அலுமினியத்தில் செம்புப் பேஸ்ட் வேண்டாம், உப்புத் தண்ணீரில் செம்பு அலுமினியத்தை அரிக்கவைக்கும். அங்கே உலோகத்தூள் கலக்காத பேஸ்ட் நல்லது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு நிக்கல் கலந்ததை வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: பேஸ்ட் பூசிய மரை வழுக்கும். காய்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை, அதாவது முறுக்கும் அளவை, அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். பேஸ்ட் கம்பெனியின் தாளில் எவ்வளவு குறைக்கணும் என்று இருக்கும், பாருங்கள். கனெக்டிங் ராட், சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளுக்கு இன்ஜின் கம்பெனி சொன்னதைத் தவிர வேறு எதையும் பூசக் கூடாது.

பேஸ்ட் வாங்க முடியாவிட்டால் கிரீஸ். கேஸ்ட்ரால் ஏபி3 எல்லாக் கடையிலும் கிடைக்கும், தண்ணீர் எப்போதாவது படும் இடத்துக்கு நல்ல கிரீஸ். தண்ணீரிலேயே கிடக்கும் இடத்துக்குக் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடும், ஆனால் உப்புத் தண்ணீர் அதை லேசில் கழுவாது. வெளியே தெரியும் நட்டுகளின் மேலும் கொஞ்சம் அப்பிவிடலாம். அழகு பார்க்க வேண்டாம்.

பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் எங்கள் கரையில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். எரிந்த எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், இரும்புக்கும் நல்லதில்லை. முதல் அலையிலேயே கழுவி, நாம் வலை விரிக்கும் தண்ணீரில் கலக்கும். நம் தாத்தாக்கள் மரப்படகுக்கு மீன் எண்ணெய் பூசினார்கள், அதில் அறிவு இருந்தது. அமெரிக்காவின் ரஸ்ட்-ஓலியம் பெயின்ட் கம்பெனி 1921இல் தொடங்கியதும் மீன் எண்ணெயில்தான். துருவேறிய கப்பல் தளத்தில் அது சிந்திய இடத்தில் துரு பரவாமல் நின்றதை ஒரு கப்பல் கேப்டன் கவனித்ததிலிருந்து வந்த சரக்கு அது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: டீசலும் ஏடிஎஃப்பும் கலந்த ஒரு குப்பி, ராஸ்ட் ஆஃப் ஒன்று, ஃபைபர் படகுக்காரராக இருந்தால் உறையவைக்கும் டப்பா ஒன்று, நிக்கல் ஆன்டி-சீஸ் ஒரு சின்ன டின். நிக்கல் பேஸ்ட் இரும்புக்கும் ஆகும் என்பதால் செம்பு தனியாக வேண்டாம். டபிள்யூடி-40 வீட்டில் இருந்தால் ஸ்பேனர்களைத் துடைத்துவைக்க இருக்கட்டும். ஸ்ப்ரே டப்பா எதையும் படகின் மேல்தளத்தில் வெயிலில் வைக்காதீர்கள். ஐம்பது டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், மே மாத வெயிலில் தளத்தின் தகடு அதைத் தாண்டிவிடும்.